ஈ.பி. பில் முழு வழிகாட்டி: ரீடிங், யூனிட், 500 என்ற கோடு

கரண்ட் பில் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது ரூபாயைத்தான். போன தடவை 1,700, இந்தத் தடவை 2,400. உடனே மீட்டர் மேல் சந்தேகம், ஏ.சி. மேல் கோபம், சில வீடுகளில் பிள்ளைகள் மேல் திட்டு. ஆனால் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் ரூபாயைப் பார்த்து எதையும் புரிந்துகொள்ள முடியாது. யூனிட்டைப் பார்க்க வேண்டும். அதிலும், அந்த யூனிட் 500ஐத் தாண்டியதா இல்லையா என்று பார்க்க வேண்டும். மீதிக் கணக்கெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு, அதாவது 1-ஏ கட்டணப் பிரிவுக்கு மட்டும். விகிதங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. 2025 ஜூலையில் மற்ற பிரிவுகளுக்குக் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. இனி விகிதம் மாறினால் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் வழி இதேதான்.

முதலில் மீட்டரைப் படிக்கப் பழகுங்கள்

ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். 100 வாட் என்றால் பத்து மணி நேரம். அவ்வளவுதான்.

இப்போதுள்ள டிஜிட்டல் மீட்டர்களின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். அதில் 'கே.டபிள்யூ.ஹெச்' என்ற எழுத்துகளோடு வரும் எண்தான் ரீடிங். சில மீட்டர்களில் பட்டனை அழுத்தினால் அடுத்தடுத்த எண் வரும். புள்ளிக்குப் பிறகு வருவதை விட்டுவிடுங்கள். இன்றைய ரீடிங்கிலிருந்து போன கணக்கெடுப்பின் ரீடிங்கைக் கழித்தால் இதுவரை ஓடிய யூனிட் கிடைக்கும்.

கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ரீடிங் எடுத்ததும் பதிவு செய்த செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். வாடகை வீட்டுக்குப் புதிதாகப் போனவர்கள் முதல் வேலையாக அந்த இணைப்பில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய குடித்தனக்காரரின் எண்ணுக்கே செய்தி போய்க்கொண்டிருக்கும், கட்டும் தேதி தாண்டிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும்.

இன்னொரு செய்தியும் வரும்: "இன்று இரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று. அது மோசடி. அந்த எண்ணை அழைக்காதீர்கள், அதில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள், பயந்துபோய்ப் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இரண்டு கட்டண அட்டவணை இருக்கிறது

பலருக்குக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். வீடுகளுக்கு ஒரே அட்டவணை இல்லை, இரண்டு இருக்கின்றன. இரண்டு மாதத்தில் நீங்கள் ஓட்டிய மொத்த யூனிட் எவ்வளவு என்பதை வைத்து எந்த அட்டவணை என்று முடிவாகிறது.

500 யூனிட் வரை:
- 1 முதல் 100 வரை: இலவசம்
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ. 2.35
- 201 முதல் 400 வரை: ரூ. 4.70
- 401 முதல் 500 வரை: ரூ. 6.30

500ஐத் தாண்டினால்:
- 1 முதல் 100 வரை: இலவசம்
- 101 முதல் 400 வரை: ரூ. 4.70
- 401 முதல் 500 வரை: ரூ. 6.30
- 501 முதல் 600 வரை: ரூ. 8.40
- 601 முதல் 800 வரை: ரூ. 9.45
- 801 முதல் 1000 வரை: ரூ. 10.50
- 1000க்கு மேல்: ரூ. 11.55

இவை அரசு மானியம் போக நாம் கையிலிருந்து கட்டும் விகிதங்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையில் வேறு எண்கள் இருக்கும். செய்தித்தாளில் 4.80 என்று படித்துவிட்டு, பில்லில் 4.70 ஏன் என்று குழம்ப வேண்டாம். முதல் 100 யூனிட் இலவசம் 2016 மே மாதம் வந்தது. அது எல்லா வீட்டுக்கும் உண்டு, 1,200 யூனிட் ஓட்டுகிறவருக்கும் உண்டு. முன்பு பில்லில் சேர்ந்து வந்த நிலைக்கட்டணம் வீட்டு இணைப்புகளுக்கு 2022 செப்டம்பர் மாற்றத்தோடு நீங்கிவிட்டது.

இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 200 வரை உள்ள வரிதான் வேறுபடுகிறது. 500க்குள் இருந்தால் அந்த நூறு யூனிட்டுக்குப் பாதி விலை. தாண்டினால் முழு விலை. அதாவது ஒரே ஒரு யூனிட் கூடினாலும் அந்தப் பாதி மானியம், 235 ரூபாய், மொத்தமாகக் கையைவிட்டுப் போகிறது.

கணக்குப் போட்டே பார்ப்போம். 500 யூனிட் என்றால் முதல் 100க்கு ஒன்றுமில்லை, அடுத்த 100க்கு 235, அடுத்த 200க்கு 940, கடைசி 100க்கு 630. மொத்தம் ரூ. 1,805. 501 யூனிட் என்றால் 300 யூனிட்டுக்கு 1,410, அடுத்த 100க்கு 630, மேலே ஒரு யூனிட்டுக்கு 8.40. மொத்தம் ரூ. 2,048.40. அந்த 501ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

இது புதிதாக முளைத்த சிக்கல் இல்லை. 2022 செப்டம்பருக்கு முன்பு இந்தக் கோடு இன்னும் கொடூரமாக இருந்தது: 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501க்கு 1,786 ரூபாய். இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. ஒரு யூனிட்டுக்காக 243 ரூபாயை இழக்கும் நிலை நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கோடு இருப்பதே தெரியாத வீடுகள்தான் அதில் அதிகம் தடுக்கி விழுகின்றன.

உங்கள் பில் எந்த இடத்தில்?

ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு மாத யூனிட்டும் அதற்கான தொகையும்:

- 150 யூனிட்: ரூ. 117.50
- 200: ரூ. 235
- 300: ரூ. 705
- 400: ரூ. 1,175
- 450: ரூ. 1,490
- 500: ரூ. 1,805
- 550: ரூ. 2,460
- 600: ரூ. 2,880
- 700: ரூ. 3,825
- 800: ரூ. 4,770
- 1000: ரூ. 6,870

மாதச் செலவு வேண்டுமென்றால் இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 300லிருந்து 600 என்பது இருமடங்குதான், ஆனால் தொகை நான்கு மடங்குக்கும் மேல். "கொஞ்சம்தான் கூட ஓடியிருக்கு, பில் இப்படி வந்திருக்கே" என்பவர்களின் மீட்டரில் பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது, அது இந்த ஏற்றத்தின் வேலை.

வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது

நான்கு பேர் இருக்கும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். 75 வாட் பழைய ஃபேன் மூன்று, தினமும் 12 மணி நேரம்: 60 நாளில் 162 யூனிட். ஃபிரிட்ஜ் 45. எல்.இ.டி. விளக்குகள் 18. டி.வி. 24. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் 20 நிமிடம் ஓடினால் 20. வாஷிங் மெஷின் 10. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் சேர்த்து 15. மொத்தம் 294 யூனிட், பில் ஏறக்குறைய 677 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது ஃபேன். பாதிக்கும் மேல் அதுதான். மிக்ஸியின் சத்தத்தைக் கேட்டு அதுதான் கரண்ட்டைத் தின்கிறது என்று நினைப்போம். 750 வாட் மிக்ஸி தினம் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான். சத்தமில்லாமல் நாள் முழுக்கச் சுற்றும் ஃபேன்தான் யூனிட்டை ஏற்றுகிறது. அதேபோல் செட் டாப் பாக்ஸை அணைக்காமல் விட்டால், 10 வாட் என்றாலும் 60 நாளில் 14 யூனிட் ஆகிவிடும்.

இப்போது இந்த வீட்டுக்கு ஓர் ஏ.சி. வருகிறது. ஏ.சி.யின் ஸ்டார் லேபிளில் ஆண்டு மின் பயன்பாடு என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. அந்த எண்ணை 1,600ஆல் வகுத்தால் மணிக்குச் சராசரி எவ்வளவு என்று தெரியும். லேபிளில் 960 என்றிருந்தால் மணிக்கு 0.6 யூனிட். ராத்திரி 8 மணி நேரம், 60 நாள்: 288 யூனிட். நம் ஊர்க் கத்திரி வெயிலில் இதைவிடக் கூடவே ஓடும், ஆனாலும் இதையே வைத்துக்கொள்வோம்.

294 உடன் 288 சேர்ந்தால் 582 யூனிட். பில் 2,729 ரூபாய். 677 கட்டிய வீடு இப்போது 2,052 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறது. ஏ.சி. ஓட்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 7 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மலிவான யூனிட்கள் செலவாகிவிடுவதால் புதிதாக வரும் சாதனம் எப்போதும் விலை கூடிய யூனிட்டில்தான் ஓடுகிறது. அடுத்த சாதனம் வாங்குமுன் அதன் செலவை 2.35 விகிதத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் கடைசி யூனிட் எந்த விலையில் இருக்கிறதோ அதில் போடுங்கள்.

இதையே திருப்பிப் போட்டால் சேமிக்கும் வழி தெரியும். அதே 582 யூனிட் வீட்டில் மூன்று ஃபேனையும், மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 162 யூனிட் 65 ஆகிறது. மொத்தம் 485. பில் 1,710 ரூபாய். ஏ.சி.யைத் தொடவே இல்லை, ஆனால் ஒரு பில்லில் 1,018 ரூபாய் மிச்சம். ஏ.சி. இல்லாத 294 யூனிட் வீட்டில் இதே மூன்று ஃபேனை மாற்றினால் மிச்சம் 449 ரூபாய்தான். ஃபேனைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது "உங்க வீட்டில் எத்தனை யூனிட் ஓடுது?" என்றுதான். 500ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருப்பவர்கள் யோசிக்காமல் மாற்றலாம். 200 யூனிட் ஓடுகிற வீடு, பழைய ஃபேன் நின்றுபோகும்போது மாற்றினால் போதும்.

ஏ.சி.யை 24 டிகிரியில் வைக்கச் சொல்வது சும்மா இல்லை. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 26இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

கீசர் 2,000 வாட். அரை மணி நேரம் என்றால் ஒரு யூனிட், தினம் போட்டால் 60 யூனிட். இண்டக்‌ஷன் அடுப்பில் முழுச் சமையலும் செய்கிறவர்கள் தனியாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

நடுவில் ஒரு முறை ரீடிங் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கணக்கெடுத்த நாளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். 30ஆவது நாள் மீட்டரைப் பார்த்துக் கழித்துப் பாருங்கள். 230 என்றால் நிம்மதி. 270 என்றால் இப்படியே போனால் 540இல் முடியும். இன்னும் 30 நாள் கையில் இருக்கிறது, 230க்குள் வைத்தால் தப்பிக்கலாம்.

தினசரி அளவு வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 8 யூனிட். 60 நாளுக்கு 480. ஆனால் ரீடிங் எடுக்க வருபவர் எப்போதும் சரியாக 60ஆவது நாள் வருவதில்லை. ஐந்து நாள் தள்ளி வந்தால், அந்த ஐந்து நாளின் 40 யூனிட்டும் இதே கணக்கில் சேர்ந்து 520 ஆகிவிடும். அதனால் ஏழரை யூனிட் என்று இலக்கு வைப்பதுதான் பாதுகாப்பு. வழக்கமான தேதி வந்ததும் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு கேள்வி கேட்க வேண்டி வந்தால் அந்தப் போட்டோ கைகொடுக்கும். வீடு பூட்டியிருந்து ரீடிங் எடுக்க முடியாமல் போனால் பழைய பயன்பாட்டை வைத்துத் தொகை போடுவார்கள், அடுத்த ரீடிங்கில் சரிசெய்யப்படும். சரிசெய்தார்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மாதா மாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும் என்ற எதிர்பார்ப்பு பலரிடம் இருக்கிறது. 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதியாகவும் இது வந்தது. குறையுமா என்பது அடுக்குகளை, அதாவது அட்டவணையில் 1 முதல் 100, 101 முதல் 200 என்று இருக்கும் வரிகளை, எப்படிப் பிரிப்பார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு மாதம் 150, அடுத்த மாதம் 390 ஓடும் வீட்டுக்கு இப்போது 2,376 ரூபாய் வருகிறது. இலவசம் 50, கோடு 250 என்று எல்லா அடுக்கையும் பாதியாக்கி மாதக் கணக்குப் போட்டால் 2,643 ஆகிவிடும், அதாவது கூடும். அடுக்குகளைக் குறைக்காமல் அப்படியே மாதத்துக்குக் கொடுத்தால்தான் 1,245 ஆகக் குறையும். மாதக் கணக்கீடு பற்றிச் செய்தி வந்தால் முதலில் அடுக்கு எப்படி என்று பாருங்கள்.

பில் உண்மையிலேயே தவறாக வந்தால்

முதலில் பில்லில் உள்ள ரீடிங்கையும் மீட்டரில் உள்ள ரீடிங்கையும் ஒப்பிடுங்கள். பில்லில் இருப்பது மீட்டரைவிடக் கூடுதல் என்றால் ரீடிங் தவறாகப் பதிவாகியிருக்கிறது.

இரண்டும் ஒத்துப்போகிறதா? அப்போது வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், மோடம், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். சில நிமிடம் கழித்தும் மினுக்கிக்கொண்டிருந்தால் எங்கேயோ கரண்ட் போகிறது. இப்போது மெயினை அணையுங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் மெயினுக்குப் பிறகுள்ள வயரிங்கில் கசிவு, அல்லது வேறு வீட்டு லைன் உங்கள் லைனோடு சேர்ந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கசிவு உயிருக்கே ஆபத்து. மெயினை அணைத்த பிறகும் மினுக்கினால் மீட்டரிலோ மெயினுக்கு முந்திய இணைப்பிலோ பிரச்சினை. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மீட்டர் பரிசோதனைக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மீட்டரை நீங்களே திறக்க வேண்டாம்.

மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் எந்த நேரமும் புகார் பதிவு செய்யலாம், புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின்குறைதீர்ப்பாளர். இவை இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஒருவேளை தொகை மட்டும் கூடி, யூனிட் சரியாக இருந்தால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, கூடுதல் வைப்புத் தொகை. உங்கள் பயன்பாடு ஏறியிருந்தால் காப்பாக வைத்திருக்கும் பணம் போதவில்லை என்று கேட்பார்கள். அது உங்கள் கணக்கில் இருக்கும் பணம்தான், அதற்கு வட்டியும் வரவாகும். இரண்டு, கட்டணப் பிரிவு. வீடு கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்போ, முன்பு கடையாக இருந்த இடமோ இன்னும் 1-ஏவுக்கு மாற்றப்படாமல் கிடக்கலாம். மாற்றாதவரை இலவச 100ம் இல்லை, மலிவான அடுக்கும் இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

தனி மீட்டர் இருந்தால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். சப்-மீட்டர், அதாவது தன் இணைப்பிலிருந்து உங்களுக்குப் போகும் மின்சாரத்தை அளக்கும் தனியார் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால், குடிவருமுன் ஒரு கணக்குப் போடுங்கள். தனி இணைப்பில் 200 யூனிட்டுக்கு 235 ரூபாய். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் அதே 200க்கு 1,600. மாதத்துக்கு 680 ரூபாய் வித்தியாசம் வருகிறது. அதை வாடகையோடு சேர்த்துத்தான் வீட்டை ஒப்பிட வேண்டும், பேசிக் குறைக்கவும் பாருங்கள். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு வைத்துக்கொண்டு இலவசத்தை இருமுறை வாங்குவதை மின் வாரியம் அனுமதிப்பதில்லை. தனிச் சமையலறையோடு தனியாக இயங்கும் குடியிருப்புக்கு வீட்டுக்காரர் தனி இணைப்புக் கேட்பது வேறு. அது சரியான வழி.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பராமரிப்புத் தொகையோடு பொது மின்சாரமும் சேர்ந்து வரும். மாடிப்படி விளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாம் தனிக் கட்டணப் பிரிவு. அதில் இலவசம் கிடையாது. 10 வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் குறைந்த விகிதம் அறிவிக்கப்பட்டது. உங்கள் கட்டடம் அதற்குத் தகுதி இருந்தும் பழைய விகிதத்திலேயே கட்டிக்கொண்டிருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள்.

வீடு காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் முன்னால் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, அதுவரைக்குமான யூனிட்டுக்கு மேலே உள்ள அட்டவணைப்படி தொகையைக் கணக்கிட்டு எழுதிக் கொடுங்கள். முன்பணத்தில் கழிக்கும்போது 'கரண்ட்டுக்கு ஒரு 2,000' என்று மொத்தமாகப் பிடிப்பதற்கு அப்புறம் இடமில்லை.